மழையும் வெயிலும் மாறி மாறி வரும் குடும்பப் பயணத்தில் நிலக்காட்சிப் படம் எடுப்பது எப்படி?

நிலக்காட்சிப் படம் எடுக்கச் சொல்லித்தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை தனியாகப் போகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இருட்டிலேயே எழுந்திரு, குன்றின் மேல் முக்காலியை நிறுத்து, வெளிச்சம் வரும்வரை காத்திரு, வராவிட்டால் நாளைக்கும் வா என்பார்கள். குடும்பத்தோடு போகிறவருக்கு இது நடக்கிற காரியமா? குழந்தைக்குப் பசிக்கும், பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், அடுத்த இடத்துக்குக் கிளம்ப வண்டி நிற்கும். போதாக்குறைக்கு வானம் காலையில் ஒரு முகம் காட்டும், மதியம் வேறு முகம் காட்டும்.

ஆனால் வானிலை நிலையில்லாமல் இருப்பது படம் எடுப்பவருக்கு லாபம்தான். நாள் முழுக்கத் துடைத்துவிட்ட நீல வானமாக இருந்தால், நல்ல வெளிச்சம் காலையில் கொஞ்சமும் மாலையில் கொஞ்சமும்தான் கிடைக்கும். மழை வந்து வந்து விடுகிற நாளில் அது பகல் 2 மணிக்கும் வரலாம். வந்தால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் இருக்கும்; அவ்வளவுதான். அந்த நேரத்தில் கேமரா கைக்கு எட்ட வேண்டும், அதில் எல்லாம் ஏற்கெனவே சரிசெய்து வைத்திருக்க வேண்டும், வீட்டாரின் பொறுமையும் தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த மூன்றுக்குமான ஏற்பாடுகள். கைபேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

1. கிளம்புவதற்கு முன் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

லென்ஸைப் பற்றி யோசிக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். போகிற வழியெல்லாம் "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று நிறுத்திக்கொண்டே இருந்தால் இரண்டாவது நாளே எல்லோருக்கும் அலுத்துவிடும். அதற்குப் பதிலாக, ஒரு நாளுக்கு ஒரு நேரம் உங்களுடையது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் விடியற்காலைதான் வசதி. மற்றவர்கள் தூங்கும்போது போய்விட்டு, அவர்கள் எழுந்து பல் துலக்கும்போது திரும்பிவிடலாம். யாருக்கும் தொந்தரவு இல்லை. மாலை வெளிச்சமும் அழகுதான். ஆனால் எல்லோரும் களைத்து, குழந்தைகள் சிணுங்கும் நேரமும் அதுவே.

அப்புறம், தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நடந்து போகும் தூரத்தில் ஏரியோ கடற்கரையோ மேட்டுநிலமோ இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். அறையிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள சுமாரான இடம், ஒரு மணி நேரம் வண்டியில் போக வேண்டிய பிரபலமான இடத்தைவிட அதிகப் படம் தரும். மழை விட்டதும் ஓடிப்போகலாமே. வானம் மாறும்போதெல்லாம் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம் என்பது இன்னொரு ஆதாயம்.

பயணத்துக்காகப் புதுக் கேமரா வாங்குவதாக இருந்தால், கிளம்புவதற்குக் குறைந்தது சில வாரம் முன்பே வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். மழையில் நின்றுகொண்டு எந்தப் பொத்தான் எதற்கு என்று தேட முடியாது.

2. பையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு கேமரா, ஒரு ஜூம் லென்ஸ். கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் முழுச் சட்டக அளவில் (பழைய ஃபிலிம் அளவு) இருந்தால் 24–105 மி.மீ., சிறிய சென்சார் என்றால் கேமராவோடு வரும் 18–55 மி.மீ. போன்றவை போதும். மழையும் தூசியுமான இடத்தில் லென்ஸ் மாற்றாமல் இருப்பதே பெரிய நிம்மதி. கைபேசியா? அதுவே போதும், கூடவே ஒரு பவர் பேங்க்.

கேமராவைவிட அதைக் காப்பாற்றும் சின்னச் சின்னப் பொருள்களில்தான் கவனம் வேண்டும். மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனைந்துவிட்டால் அது துடைக்காது, தண்ணீரைப் பூசத்தான் செய்யும். நல்ல பிளாஸ்டிக் பை இரண்டு, வாய் மூடக்கூடியதாக. குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று. நடக்கும்போது கேமராவின் மேல் கவிழ்த்துவிட்டால் தூறலுக்குத் தாங்கும், ஒரே இழுப்பில் எடுத்தும் விடலாம். லென்ஸின் முன்னால் மாட்டும் வளையமான லென்ஸ் ஹுட் கட்டாயம். வெயிலுக்கென்று செய்தது என்றாலும் மழைத்துளி கண்ணாடியில் விழாமல் தடுப்பதில்தான் அதன் அருமை தெரியும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் சில. கூடுதல் பேட்டரி ஒன்று. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆகவே அதைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர்களில் ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் போலரைசர். நீல வானத்தை இன்னும் நீலமாக்க அது உதவும் என்பது எல்லோருக்கும் தெரியும். மழைநாளில் அதன் வேலை வேறு. நனைந்த இலையிலும் பாறையிலும் சாலையிலும் வெள்ளையாக ஒரு பளபளப்பு படிந்திருக்கும். போலரைசரைத் திருகினால் அந்தப் பளபளப்பு விலகி அடியிலுள்ள நிறம் தெரியும். இந்த வேலையைப் பின்னால் கணினியில் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது. வெளிச்சத்தில் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) அது விழுங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய முக்காலி? குடும்பப் பயணத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. அதைத் தூக்கிச் சுமப்பதும் விரித்து மடக்குவதும் மற்றவர்களைக் காக்க வைப்பதும் படத்தில் கிடைக்கும் லாபத்துக்கு ஈடாகாது. இன்றைய கேமராக்களில் பலவற்றிலும் கைபேசிகளிலும் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறது. கைச்சுவர், பாறை, மடித்த துண்டு இவற்றின் மேல் வைத்தே அரை விநாடி வரை சமாளிக்கலாம்.

3. வானத்தைப் படிக்கப் பழகுங்கள்

தொடங்குகிறவர்கள் கேமரா அமைப்புகளுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை வானத்துக்குக் கொடுத்தால் படங்கள் உடனே மாறும்.

வானிலை முன்னறிவிப்பில் "இன்று மழை" என்ற படத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மணிக்கு மணி முன்னறிவிப்பைப் பாருங்கள். அதோடு மழை ரேடார் வரைபடம் உங்கள் பகுதிக்குக் கிடைக்குமானால் அதைப் பாருங்கள்; மழை இப்போது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பது அசைபடமாகத் தெரியும். உங்களை நோக்கி வரும் பட்டையின் பின்விளிம்பு எப்போது கடக்கும் என்பதுதான் நமக்கு வேண்டியது. அந்த விளிம்பு கடக்கும் நேரத்தில்தான் கருத்த மேகம் ஒரு பக்கம், வெயில் மறுபக்கம் என்று காட்சி திறக்கும். முன்னறிவிப்பு நாளைய திட்டத்துக்கு, ரேடார் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு, உங்கள் கண் அடுத்த பத்து நிமிடத்துக்கு.

கண்ணால் பார்க்க வேண்டியவை சில. இடிமேகம் நெருங்கும்போது திடீரென்று குளிர்ந்த காற்று வீசும். மழையோடு மேலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் பட்டு நாலாபக்கமும் பரவுவதால் வருவது அது. அந்தக் காற்று முகத்தில் பட்டால் மழைக்குச் சில நிமிடங்களே இருக்கின்றன. படம் எடுக்க அல்ல, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூரைக்கடியில் ஒதுங்க. மலைப்பகுதிகளில் வெயில் ஏற ஏற மேகம் திரண்டு பிற்பகலில் மழையாகக் கொட்டுவது வழக்கம். ஆகவே தூரத்துச் சிகரங்கள் வேண்டுமென்றால் காலையிலேயே எடுத்துவிடுங்கள். மேகத்தின் மிரட்டல் வேண்டுமென்றால் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மழை ஓய்ந்த முதல் அரைமணி நேரம் பொன்னானது. காற்றிலிருந்த தூசியை மழை கழுவிவிடுவதால், நேற்று சாம்பல் நிறப் பட்டையாகத் தெரிந்த தூரத்துக் குன்றில் இன்று மரங்கள் தனித்தனியாகத் தெரியும். தரையெல்லாம் தண்ணீர் தேங்கி எதிரொளிப்பு கிடைக்கும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்று எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் நேரம் என்பதால், கூட்டம் அலைமோதும் இடம்கூடக் காலியாக இருக்கும்.

வானவில்லைப் பலரும் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கணக்கு இருக்கிறது. சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் தலையின் நிழல் எந்தத் திசையில் விழுகிறதோ அந்தத் திசைதான் வானவில்லின் மையம். அதைச் சுற்றி ஏறக்குறைய 42 டிகிரி கோணத்தில் வில் அமையும். இதிலிருந்தே இன்னொன்று வரும்: சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு வானத்தில் வில் தெரியாது. ஆகவே உச்சிப்பொழுதில் தேடிப் பயனில்லை. காலையிலும் மாலையிலும், எதிர்ப்பக்கம் மழையும் உங்கள் முதுகில் வெயிலும் இருந்தால் தேடுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து நான்கு முஷ்டிக்குள் சூரியன் இருந்தால் வாய்ப்பு உண்டு. முழு வில்லும் ஒரே படத்தில் அடங்க முழுச் சட்டகக் கேமராவில் 20 மி.மீ. அல்லது அதைவிட அகலமான லென்ஸ் வேண்டும், கைபேசியில் 0.5 என்று இருக்கும் அகலக் கேமராவைத் தட்டினால் போதும். ஆனால் முழு வில்லைவிட, அதன் ஒரு கால் ஒரு மரத்தின் மேலோ வீட்டின் மேலோ இறங்கும் இடத்தை நெருக்கி எடுத்த படம் பெரும்பாலும் நன்றாக இருக்கும். நீங்கள் நகர்ந்தால் வில்லும் நகரும், எனவே நாலடி இடப்பக்கம் போய் அதை மரத்துக்கு நேராகக் கொண்டுவரலாம். போலரைசர் மாட்டியிருந்தால் கவனம். தவறான பக்கம் திருகினால் வில்லே காணாமல் போய்விடும். வானவில்லின் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதால், போலரைசர் அதை அந்த அளவுக்குத் தடுத்துவிடும்.

மாலையில் மேகமூட்டமாக இருக்கிறது, இன்று சூரிய அஸ்தமனம் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். மேற்கே அடிவானத்தில் ஒரு கோடாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி இருந்தால், சூரியன் அதற்குள் இறங்கும்போது மேகங்களின் அடிப்பக்கம் முழுக்கச் சிவந்து எரியும். உயரத்தில் பஞ்சுத்திரி போலக் கிடக்கும் மேகங்கள் இதற்கு மிக நல்லவை. சூரியன் மறைந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். நல்ல நிறம் பல நாள்களில் அதற்குப் பிறகு, பத்து இருபது நிமிடத்துக்குள் வரும். அஸ்தமனத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று தெரிய, கையை நீட்டி, நான்கு விரலைப் படுக்கையாகச் சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். ஒரு விரலுக்குச் சுமார் 15 நிமிடம். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சூரியன் சாய்வாக இறங்குவதால் இன்னும் கொஞ்சம் கூடும்.

மூடுபனி வேண்டுமா? முந்தைய நாள் மழை பெய்து தரை ஈரமாக இருந்து, இரவு வானம் தெளிந்து, காற்றும் அடங்கியிருந்தால் மறுநாள் விடியலில் பள்ளத்தாக்கிலும் ஏரியின் மேலும் பனி தேங்க வாய்ப்பு அதிகம். படுக்கப் போகும் முன் நட்சத்திரங்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள். வெயில் ஏறியதும் அது கலைந்துவிடும்.

4. கேமராவை முன்பே சரிசெய்து வைத்திருங்கள்

காட்சி திறந்த பிறகு பொத்தான்களைத் திருகிக்கொண்டிருக்கக் கூடாது. தொடங்குகிறவர்கள் முழுக்க மேனுவல் முறையில் எடுத்தே தீர வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் நாளில் அது வீண் பிடிவாதம். இப்படி வைத்துப் பையில் போடுங்கள்: அப்பர்ச்சர் முன்னுரிமை முறை (லென்ஸ் துளையின் அளவை நீங்கள் வைத்தால் மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), துளை அளவு எஃப் 8, தானியங்கி ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), அதன் மேல்வரம்பு 3200, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் விநாடியில் 125-இல் ஒரு பங்கு. காற்றில் இலை ஆடினால் 250-இல் ஒரு பங்கு. குழந்தைகள் ஓடினால் 500-இல் ஒரு பங்கு. படம் சேமிக்கும் வகை: ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), கூடவே ஜேபெக். ஜேபெக்கை அன்றைக்கே வீட்டாருக்கு அனுப்பலாம். மேகத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் பின்னால் மீட்க ரா வேண்டும்.

ஏன் எஃப் 8? பெரும்பாலான லென்ஸ்கள் அந்தப் பக்கத்தில்தான் கூர்மையாக இருக்கும். முன்னால் இருக்கும் பாறையும் பின்னால் இருக்கும் மலையும் ஓரளவு இரண்டும் தெளிவாக வரும். எஃப் 16, எஃப் 22 என்று துளை சிறுத்துப் போகப் போக, ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் முழுப் படமும் மழுங்கும். 24 மி.மீ. லென்ஸில் முழுச் சட்டகக் கேமராவுக்கு எஃப் 8-இல் சுமார் இரண்டரை மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும்.

இனி எக்ஸ்போஷர் திருத்தம், அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைப்பது. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். மூடுபனியைக் காட்டினால் அழுக்கு வேட்டி நிறத்தில் கொடுக்கும். அதற்குக் கூட்டல் பக்கம் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை தள்ளுங்கள். கருமேகத்தைக் காட்டினால் வெளிறச் செய்துவிடும். கழித்தல் பக்கம் அரை ஸ்டாப். கருமேகப் பின்னணியில் ஒரு துண்டு வெயில் விழுந்த மரத்தை எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் குறைக்கலாம், இல்லாவிட்டால் மரம் வெள்ளையாகப் பொரிந்துவிடும். திரையில் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமுமாகக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வலது சுவரில் முட்டி நின்றால் அங்கே விவரம் போய்விட்டது என்று பொருள்.

நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி வையுங்கள். தானியங்கியில் விட்டால் மாலையின் செம்மையையும் மழைநேர நீலத்தையும் "சரிசெய்கிறேன்" என்று கழுவிவிடும். ரா எடுத்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் திரையில் பார்க்கும்போதே உண்மையான நிறம் தெரிந்தால் எடுக்க ஊக்கம் வரும்.

கைபேசிக்கு: முதலில் லென்ஸைத் துடையுங்கள். மங்கலான படங்களுக்குப் பல நேரம் விரல்ரேகைதான் காரணம். திரையில் வேண்டிய இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் விரலை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைக் குறைக்கலாம். மேகப் படங்களில் எப்போதும் கொஞ்சம் குறைப்பதே நல்லது. இரு விரலால் விரித்து ஜூம் செய்வதைவிட, கைபேசியிலேயே தனி ஜூம் லென்ஸ் இருந்தால் அதற்கான எண்ணைத் தட்டுங்கள்.

5. சட்டகத்துக்குள் எதை வைப்பது

பரந்த காட்சியைப் பார்த்ததும் எல்லாவற்றையும் உள்ளே அடைக்கத் தோன்றும். அப்படி எடுத்த படத்தில் மலை எறும்பாகவும் தரை மைதானமாகவும் இருக்கும். முதலில் ஒரு கேள்வி: இந்த இடத்தில் என் கண் எங்கே நிற்கிறது? வானத்தில் என்றால், அடிவானத்தைக் கீழே இறக்கி வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். வானம் வெறும் வெள்ளையாகக் கிடந்தால் அதை முழுக்க வெட்டிவிடுங்கள். காடு, ஓடை, நனைந்த பாறை, வேர் என்று கீழே பாருங்கள். மேகமூட்டத்தின் மென்மையான வெளிச்சத்தில்தான் காட்டுக்குள் நன்றாக எடுக்க முடியும். வெயிலில் அங்கே புள்ளி புள்ளியாக வெளிச்சம் சிதறி எல்லாம் குழம்பும்.

இங்கேதான் குடும்பம் கைகொடுக்கிறது. ஆளில்லாத நிலக்காட்சிதான் உயர்ந்தது என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். மலை எவ்வளவு பெரிது என்பதைச் சொல்ல அதன் முன் ஒரு சின்ன மனித உருவம் போதும். வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொல்லாதீர்கள். நடக்கவிடுங்கள். பத்து இருபது மீட்டர் முன்னால் போகட்டும், சட்டகத்துக்குள் நடந்து வருவது போல ஒரு ஓரத்தில் அவர்களையும் அவர்கள் போகும் பக்கம் வெற்றிடத்தையும் விடுங்கள். சிவப்பு, மஞ்சள் மழைச்சட்டை இருந்தால் போட்டுவிடுங்கள். பச்சைக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு துளி நிறம் பளிச்சென்று நிற்கும். வெளிச்சம் வரும்வரை காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் குழந்தைகளுக்கும் ஒரு வேலை ஆயிற்று.

சிதறிய மேகங்களுக்கு நடுவே வெயில் வட்டம் வட்டமாக நிலத்தில் நகரும் நாளில், நீங்கள் நகராமல் நில்லுங்கள். நல்ல மரமோ வீடோ பாதை வளைவோ நடுவில் வருமாறு சட்டகத்தை அமைத்துக்கொண்டு, மேகநிழல் நகரும் வேகத்தைப் பாருங்கள். வெயில் எப்போது அங்கே வந்து விழும் என்று ஒரு நிமிடம் முன்பே கணித்துவிடலாம்.

6. மழை நிற்காவிட்டால்

மழையையே படம் பிடிக்கலாம். மழைக்கம்பிகள் தெரிய வேண்டுமென்றால் பின்னணி கருமையாக இருக்க வேண்டும்: அடர்ந்த மரங்கள், நிழலான சுவர். வெள்ளை வானத்தின் முன் மழை தெரியவே தெரியாது. ஷட்டர் விநாடியில் 60-இல் ஒரு பங்கு அளவில் கோடுகளாக வரும். 500-இல் ஒரு பங்குக்கு மேல் துளிகளாக உறையும். திண்ணை, வாசல், பேருந்து நிறுத்தம், மரக்கூரை என்று நனையாமல் நிற்கும் இடத்திலிருந்து எடுங்கள். பெரிய குடையைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் இசைந்தால் முக்காலியைவிட அது பெரிய உதவி.

வண்டிக்குள் மாட்டிக்கொண்டால் கண்ணாடியில் வழியும் துளிகளில் ஃபோகஸ் செய்து, வெளியே நிலத்தை மங்கலாக விடுங்கள். வெளியே உள்ளதுதான் வேண்டுமென்றால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து, உள்விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். வண்டி ஓட்டுபவர் நீங்களாக இருந்தால் இரண்டும் வேண்டாம்.

அருவி, ஓடைகளுக்கு மேகமூட்டமே நல்ல நேரம். ஷட்டரை கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை வைத்தால் நீர் பட்டுத்துணி போல மென்மையாகும். போலரைசரும் ஐஎஸ்ஓ 100-உம் சேர்ந்தால் மரநிழலில் அந்த வேகம் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஐஃபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பின்னர் அதில் லாங் எக்ஸ்போஷர் என்பதைத் தேர்ந்தெடுத்தாலும் இதே தோற்றம் வரும். தேங்கிய நீரில் எதிரொளிப்பு எடுக்கக் கைபேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். லென்ஸ் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் போய்விடும். உள்ளங்கை அகலக் குட்டைகூட ஏரியாகத் தெரியும்.

7. எப்போது எடுப்பதை நிறுத்துவது

மின்னலைப் பார்த்ததும் விநாடிகளை எண்ணுங்கள். ஒலி மூன்று விநாடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கடக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்த நேரத்தில் திறந்தவெளி, மலைமுகடு, கடற்கரை, தனிமரம் எதுவும் வேண்டாம். கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய உலோகக் கூரை வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். வானம் தெளிந்த மாதிரி இருக்கும், நல்ல வெளிச்சமும் அப்போதுதான் வரும். உள்ளேயே, மூடிய ஜன்னலை விட்டுத் தள்ளி நின்று எடுங்கள்.

மேலே எங்கோ பெய்த மழையால் இங்கே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரலாம். நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் ஓடைப்படுகையை விட்டு உடனே மேலே ஏறுங்கள். கடலோரப் பாறையில் ஈரமாக இருக்கும் உயரம்வரை அலை வந்து போயிருக்கிறது என்று பொருள். அந்தக் கோட்டுக்குக் கீழே குழந்தையை நிறுத்திப் படம் எடுக்கவே கூடாது. நீங்கள் வ்யூஃபைண்டருக்குள் கண்ணை வைத்திருக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர் வேண்டும், அதை வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள்.

8. நனைந்த கேமராவை என்ன செய்வது

மழைக்காப்பு உள்ள கேமரா என்றாலும் லென்ஸுக்கும் அந்தக் காப்பு இருந்தால்தான் பயன். ஜூம் செய்யும்போது நீளும் லென்ஸாக இருந்தால், நனைந்தபடி உள்ளே இழுக்காதீர்கள். துடைத்த பிறகே சுருக்குங்கள். கைபேசிகளில் ஐபி68 என்ற நீர்க்காப்புக் குறி போட்டிருப்பது நன்னீரில் செய்த சோதனையை வைத்து. கடல்நீருக்கு அது உத்தரவாதம் இல்லை, பழசாகப் பழசாகக் காப்பும் குறையும். சார்ஜ் செய்யும் துளை ஈரமாக இருந்தால் காயும்வரை செருக வேண்டாம்.

அறைக்கு வந்ததும் வெளியே துடைத்து, பேட்டரியையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பின்னர் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பையில். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசிதான் உள்ளே போகும். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டுக்காற்றும் வேண்டாம். கடல்காற்று பட்டிருந்தால் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்பு உலோகத்தை அரிக்கும்.

இன்னொரு தொல்லை, குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படர்வது. துடைத்தால் திரும்பத் திரும்பப் படரும். கேமராவை வாய் மூடிய பிளாஸ்டிக் பையிலேயே வெளியே கொண்டுவந்து 20–30 நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. விடியற்காலை கிளம்புவதாக இருந்தால், முந்தின இரவே மூடிய பையைக் குளிரூட்டி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் இந்தக் காத்திருப்பும் மிச்சம்.

9. இரவில் பத்து நிமிடம்

கார்டிலிருந்து படங்களை இன்னொரு இடத்துக்குப் படியெடுங்கள். கார்டை உடனே அழிக்காதீர்கள்; வீடு போய்ச் சேரும்வரை இரண்டு பிரதி இருக்கட்டும், ஒரே பையில் இரண்டும் இருக்க வேண்டாம். பேட்டரிகளைச் சார்ஜில் போடுங்கள். காலையில் ஐஎஸ்ஓவை மாற்றியிருந்தால், எக்ஸ்போஷர் திருத்தத்தைக் கூட்டியிருந்தால், எல்லாவற்றையும் நான்காவது பகுதியில் சொன்ன நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

திருத்தும் வேலையை ஊர் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்றைய படங்களில் ஐந்தாறை மட்டும் குழந்தைகளை விட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நீங்கள் நினைத்ததாக இருக்காது. அதோடு, நாளை எந்த இடத்தில் நின்று எடுக்கலாம் என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். அப்புறம் நேரம் கேட்டுக் கெஞ்ச வேண்டிய தேவை குறையும்.